சனி இருபத்தைந்து, ஞாயிறு பூச்சியம்

1. வாசல் பலகை

நான் வேலைக்குச் சேர்ந்தது மலையடிவாரத்தில் உள்ள ஒரு வாடகைக் கடையில். மெல்பேர்னில் இருந்து பனி பார்க்க வருகிறவர்கள் எங்களிடம் இறங்கி பூட்ஸ், ஜக்கெட், கையுறை எல்லாம் எடுத்து, பனியில் வழுக்காமல் இருக்கக் கார்ச் சில்லுக்குச் செயினும் வாங்கிக்கொண்டு மேலே போவார்கள். பின்னேரம் எல்லாவற்றையும் ஈரத்தோடு திருப்பித் தருவார்கள். அவற்றைக் காயவைப்பதுதான் என் வேலை. ஆட்களோடு அதிகம் கதைக்கத் தேவையில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

முதல் நாள் காலை முதலாளி குகன் கணினியைக் காட்டி, அதில் உள்ள இலக்கங்களை வாசல் பலகையில் எழுதச் சொன்னார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம் வாசிக்க வராது, இலக்கம் வரும். உச்சியின் வெப்பநிலை என்று அவர் காட்டிய இடத்தில் நாலு இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. பட்டியலில் போடுகிற கோடு என்று நினைத்து, அதை விட்டுவிட்டு 4 என்று எழுதினேன். பத்து மணிக்குள் மூன்று பேர் வந்து, பனி உருகிவிட்டதா என்று கேட்டுவிட்டார்கள்.

"அன்ரி, அந்தக் கோட்டிலதான் எங்கட பிஸ்னஸே நிக்குது" என்றார் குகன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. பூச்சியத்துக்குக் கீழேயும் இலக்கம் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

2. கையுறை சொல்வது

விளங்காத இலக்கத்தை இனி எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு வரியும் என்ன என்று குகனிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். காலையில் எழுதியதைப் பின்னேரம் வரும் கையுறைகளோடு ஒத்துப் பார்ப்பேன். பிழிந்தால் தண்ணீர் ஓடினால் மேலே ஈரப்பனி. உதறினால் தூள் பறந்தால் நல்ல பனி. உள்ளங்கை உரசுப்பட்டு, காற்சட்டையின் பின்பக்கமும் தேய்ந்து வந்தால் இறுகிய பனி, விழுந்தவர்கள் அதிகம்.

இரண்டு குளிர்காலம் இப்படிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. எல்லோரும் எத்தனை சென்ரிமீற்றர் விழும் என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே 'ஃப்ரீசிங் லெவல்' என்று ஒரு வரி இருக்கிறது. எந்த உயரத்துக்கு மேல் தண்ணீர் உறையும் என்பதை அது சொல்லும். எங்கள் மலையின் உச்சி ஆயிரத்து எண்ணூறு மீற்றர். அந்த வரியில் இரண்டாயிரத்து இருநூறு என்று இருந்தால் உச்சியிலும் மழைதான்.

3. வியாழக்கிழமை வந்த போன்

மெல்பேர்னுக்குப் பக்கத்தில் வெரிபீயில் இருந்து ரமணன் என்பவர் போன் எடுத்தார். மனைவியின் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நின்றார்கள். திங்கட்கிழமை திரும்பிப் போக பிளேன். மாமி வந்த நாள் முதல் பனியைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறாவாம். இனி ஊரில் இருந்து வர அவவுக்கு உடம்பு விடாது. சனியா, ஞாயிறா, ஏதாவது ஒரு நாள்தான் வரமுடியும்.

குகன் முன்னறிவிப்பைப் பார்த்தார். சனி இருபத்தைந்து சென்ரிமீற்றர். ஞாயிறு பூச்சியம். "சனி வாங்கோ அண்ணை, அள்ளிக் கொட்டப்போகுது" என்றார்.

நான் பக்கத்தில் கையுறை கொழுவிக்கொண்டு நின்றேன். மணிக்கு மணி என்ன நடக்கும் என்று காட்டும் பக்கத்தைக் காலையிலேயே பார்த்திருந்தேன். சனி பகல் முழுக்கச் சூடான வடமேற்குக் காற்று, லெவல் இரண்டாயிரத்து இருநூறு. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் காற்றுக் குளிரான தென்மேற்குக்குத் திரும்பும், லெவலும் ஆயிரத்து நூறுக்கு இறங்கும். இருபத்தைந்தும் அதற்குப் பிறகு விழுவது. அதற்குள் சனம் எல்லாம் மலையை விட்டு இறங்கியிருக்கும்.

முதலாளி பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் திங்கட்கிழமை பிளேன்.

"தம்பி, சனி வேண்டாம். ஞாயிறு வரச் சொல்லுங்கோ."

"ஞாயிறு பூச்சியம் எல்லே அன்ரி?"

"பூச்சியம் எண்டா புதுசா விழாது. முதல்நாள் விழுந்தது எங்க போகும்? விழுற நாள் வேற, கிடக்கிற நாள் வேற."

போனில் ரமணன், யாராவது ஒருவர் முடிவாகச் சொல்லுங்கள் என்றார். குகன் என்னைப் பார்த்தபடியே ஞாயிறு என்று சொல்லிவிட்டு வைத்தார். "பிழைச்சா நீங்கள்தான் அந்த மனிசிக்குப் பதில் சொல்லோணும்" என்றார். சரி என்றேன்.

சனி முழுக்க மழை. அன்று திரும்பி வந்த ஜக்கெட்டுகளைப் பிழிந்து பிழிந்து கை வலித்தது.

4. ஞாயிறு

ஒன்பது மணிக்கு அவர்கள் வந்து இறங்கியபோது மலையையே காணவில்லை. முகில் மூடியிருந்தது. மேலே போகலாமா என்று ரமணன் கேட்டார். பன்னிரண்டு மணிவரை இருங்கள் என்றேன். மழையில் நனைந்த நிலம் இரவு உறைந்து கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அதற்கு மேலே புதுப்பனி மூடினால் வழுக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. வெயில் பட்டு அது இளக வேண்டும், மேலே நடக்கிற வழிகளில் பனி உருக உப்பும் போட்டு முடிய வேண்டும்.

"நேற்று வந்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்று ரமணன் முணுமுணுத்தார். மாமி கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தா. "அக்கா, குளிர்ப்பெட்டியைத் திறந்து பாத்திருந்தாலும் இதைவிடக் கூடப் பாத்திருப்பன்" என்றா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தரைக்கு, முன்னமே ஏறிப்போன ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். கார் தரிப்பிடத்தில் வழுக்கினாராம். அதைப் பார்த்த ரமணன் கார்ச் சாவியைப் பைக்குள் போட்டார்.

பன்னிரண்டு ஆகியும் முகில் அசையவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குத்தான் உச்சி தெரிந்தது. என் கணக்கு முக்கால் மணித்தியாலம் பிழை. குகன் தானே போய் அவர்களுடைய காருக்குச் செயின் பூட்டிக் கொடுத்தார்.

மூன்றரைக்குத் திரும்பி வந்தார்கள். மாமி விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினா. "உப்பு மாதிரி இருக்கும் எண்டு நினைச்சன் அக்கா. இது வறுக்காத அரிசிமா."

இப்போது பனி எப்படி என்று யாராவது போனில் கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. யார் யார் வருகிறீர்கள், முழங்கால் எப்படி, வேறு ஒரு நாள் வரமுடியுமா என்று கேட்பேன். அந்த ஞாயிறு சறுக்கத் தெரிந்தவர்களுக்கு முகிலுக்குள்ளும் ஒன்பது மணி நல்ல நேரம், அந்த மாமிக்கு ஒரு மணி. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மலை எப்படி என்று இலக்கம் சொல்லும். வருகிறவர் எப்படி என்று நீங்கள்தான் கேட்கவேண்டும்.