சைக்கிள் சில்லில் சுற்றிய இரத்தம்

இரணைமடுவில் என் அயலவர் ஒருவருடன் அவருடைய மனைவி நாலு மாதமாகக் கதைக்கவில்லை. அயலவர் வயல் செய்பவர். முகமும் கண்ணும் சிவந்திருந்தன, குளிக்கவும் மறுத்தார். ஒளித்துக் கள் குடிக்கிறார் என்று மனைவி முடிவுகட்டிவிட்டார். அறுவடை முடிந்ததும் பூநகரியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகவும் எங்களிடம் சொல்லியிருந்தார். அயலவர் செய்த சத்தியம் எதுவும் எடுபடவில்லை.

அப்போது நான் ஒரு பத்திரிகைக்குச் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வைத்தியசாலைக்கு ஒரு பெண் டொக்டர் வந்திருந்தார். நோயெதிர்ப்புத் துறையில் ஆராய்ச்சி செய்தவர். உடலின் அழற்சிக்கும் சில அரிய இரத்தப் புற்றுநோய்களுக்கும் என்ன தொடர்பு என்பதே அவருடைய கேள்வி. போரால் அப்போது இங்கே மின்சாரம் இல்லை. நுண்நோக்கிக்கு வெயில்தான் விளக்கு. ஆனாலும் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் குறிப்பெழுதுவதை அவர் விடவில்லை.

அவரிடம் அயலவரைக் கூட்டிப்போனேன். பொய்யைக் கையோடு பிடிப்பதற்கு மனைவியும் வந்தார்.

டொக்டர் கள்ளைப் பற்றிக் கேட்கவில்லை.

"குளிச்ச உடனே உடம்பு கடிச்சுச் சொறியச் சொல்லுதோ?"

"ஓம் டொக்டர். மூண்டு கிணறு மாத்திப் பாத்திட்டன்."

டொக்டர் கொப்பியைத் திறந்தார். இரண்டு மெல்லிய குழாய்களில் அயலவரின் இரத்தமும், ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையதும் எடுத்தார். மெழுகால் அடைத்து, என் சைக்கிளின் பின்சில்லுக் கம்பிகளில் எதிரெதிரே கட்டினார். வேகமாகச் சுற்றினால் இரத்தத்தின் சிவப்பு தனியே அடியில் படியும் என்றார். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி அரை மணி நேரம் மிதித்தேன். மருந்துக்கு நின்ற வரிசை எங்களைச் சுற்றிக் கூடியது.

"தம்பி, இன்னும் பூநகரி வரேல்லையோ?" என்றார் ஒருவர்.

என் குழாயில் சிவப்பு பாதிக்குக் கீழே படிந்திருந்தது. அயலவருடையதில் பாதியைத் தாண்டி ஏறி நின்றது.

"எல்லாரும் ரத்தம் காணாதெண்டு வருகினம். இவருக்குக் கூடிப்போச்சு," என்றார் டொக்டர். அரிய இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், மெதுவானது, வவுனியா வைத்தியசாலைக்கு மாதிரி அனுப்பி உறுதிப்படுத்தவேண்டும் என்றார். இடைக்கிடை இரத்தத்தை எடுத்துவிட்டால் இன்னும் பல போகம் விதைக்கலாம். பின்னர் வந்த முடிவும் அதையே சொன்னது.

மனைவி இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இவர் குடிக்கேல்லை?"

"இல்லை."

"அதை ஒரு துண்டில எழுதித் தாங்கோ டொக்டர். அண்ணைக்குக் காட்டவேணும். இவர் குடிக்கிறாரெண்டு நான்தான் சொல்லிவைச்சனான்."

டொக்டர் ஆராய்ச்சிக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ஒரே வரி எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

திரும்பும்போது மனைவி அயலவரின் சைக்கிள் கரியரில் ஏறிக்கொண்டார். நாலு மாதக் கதையும் அந்த வழியிலேயே தொடங்கியது. பின்னால் வந்த எனக்கு, இடைக்கிடை அயலவரின் "ஓம், ஓம்" மட்டும் கேட்டது.