பன்றித் தீவனம்

எல்ராய் புக்ஹோல்ஸ் விஸ்கான்சினில் ஒரு சீஸ் ஆலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். திரிந்த பாலில் கட்டியை எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரை லாரியில் ஏற்றிப் பன்றிப் பண்ணைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. எழுபத்தொன்பதாம் வயதில் இதயம் தளர்ந்து தொடைச் சதை கரைந்தபோது, டாக்டர் குடிக்கச் சொன்ன புரதப் பொடி அந்தத் தண்ணீரைக் காயவைத்ததுதான். அதை அவரால் ஏற்க முடியவில்லை. டப்பா ஆறு வாரமாக மூடி திறக்காமல் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்த நர்ஸ் டோனா அதைக் கீழே இறக்கினாள்.

"தொடவே இல்லையா, எல்ராய்?"

"எதுக்கு? தினம் காலையில எடை பாக்கறேன். நூத்தி எழுபத்து நாலு பவுண்டு. பட்டாளத்துல இருந்தப்பவும் அதேதான்."

டோனா அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

"சதை போன எடத்துல தண்ணி வந்து உக்காந்திருக்கு. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கையக் கட்டிக்கிட்டு எந்திரிங்க பாப்போம்."

மூன்று முறை முன்னால் சாய்ந்தார். நாற்காலி விடவில்லை.

"எட்டு வாரம் தரேன். கை ஊணாம ஒரு தடவையாவது எந்திரிக்கணும். உங்க சம்சாரம் ஆர்லீனே இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க. இன்னும் எத்தனை நாள் உங்களத் தூக்குவாங்க? முடியலன்னா முதியோர் இல்லம்தான்."

"ரூம் சொல்லி வச்சாச்சு," என்றாள் ஆர்லீன். "ஜன்னல்ல பாத்தா கார் நிறுத்தற எடம் தெரியும்."

"பன்னிக்கு ஊத்தினத நான் குடிக்க மாட்டேன்."

"நடக்க முடியாத பன்னிய எப்பவாவது பாத்திருக்கீங்களா?" என்றாள் டோனா.

எல்ராய் தொழில்காரராக யோசித்தார். "இல்ல. ஒண்ணு வேலி தாண்டி ஓடிச்சு. மூணு பேரு தொரத்தியும் புடிக்க முடியல."

"அவ்வளவுதான். ஆனா பொடி மட்டும் குடிச்சா காலு வந்துடாது. அந்தப் பன்னி மாதிரி காலுக்கு வேலையும் குடுக்கணும்."

டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டினார். உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கும் என்பதால், வெள்ளிக்கிழமைதோறும் எல்ராய் தின்னும் உப்பு சீஸ் கட்டி நின்றது. பேஸ்பால் ஆட்டத்தில் விளம்பரம் வரும்போதெல்லாம் எல்ராய் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். எழுவது சுலபமாக, உயரத்துக்கு முதலில் நாற்காலியில் மூன்று திண்டு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. மத்தியானம் ஆர்லீன் சமையலறையிலிருந்து கத்துவாள்: "எல்ராய், தீவனம்!" மூக்கைச் சுளித்தபடி குடித்துவிடுவார்.

எட்டாவது செவ்வாய்க்கிழமை எடை நூற்று அறுபத்தெட்டு.

"தராசு கெட்டுப் போச்சு," என்றார்.

"தண்ணி எறங்கியிருக்கு. எந்திரிங்க."

திண்டு இல்லாத நாற்காலி. கையைக் கட்டினார், சாய்ந்தார், எழுந்தார். யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் எழுந்தார். மூன்றாவது முறை பாதியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

டோனா படிவத்தில் இரண்டு என்று எழுதினாள். ஆர்லீன் தொலைபேசியை எடுத்தாள்.

"அந்த ஜன்னல் ரூம வேற யாருக்காவது குடுத்துடுங்க. இவருக்குக் கார் பாக்கப் பிடிக்காது."