காவலாளியின் நாற்காலி

ஒத்தக்கடையில் ஒரு ஆண்கள் விடுதி வாசலில், பால்வினை நோயைத் தடுக்க சுகாதாரத் துறை சார்பில் இலவச ஆணுறைப் பெட்டியைப் பொருத்தினேன். ஒரு வாரமாக ஒன்றுகூடக் குறையவில்லை. இப்படியே இருந்தால் கழற்றிவிடுவதாக வார்டன் சொன்னார்.

பெட்டியில் பழுதில்லை, பூட்டில்லை, காசும் கேட்கவில்லை. மிச்சமிருந்த ஒரே தடை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பெரிய மீசைக் காவலாளி. "என்ன மாப்ள, எங்க கிளம்பிட்ட?" என்று எல்லோரையும் உரக்க விசாரிப்பது அவர் வழக்கம்.

"அண்ணே, நீங்க பாக்குறீங்கன்னுதான் பசங்க எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றேன் அவரிடம்.

"இம்புட்டுத்தானா?" என்றவர், நாற்காலியை மதில் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மறுநாளே பெட்டி காலி.

"வாசலுக்கு முதுகக் காட்டிட்டு என்னய்யா காவல்?" என்று வார்டன் சீறினார்.

"வாசல் வழியா வாரவன் என்ன சார் களவாங்கப் போறான்? செவரேறிக் குதிக்கிறவனத்தான பாக்கணும்."

வார்டன் யோசிக்க ஆரம்பித்தார். சிரிப்பு வந்துவிடுமோ என்று நான் பெட்டியை நிரப்பக் குனிந்துகொண்டேன்.