ஆம்பூரில் பேட்டரி தீர்ந்தபோது

ஆம்பூர் பைபாஸ் ஓரம், ஷூ கம்பெனி வாசலில் ஷிஃப்ட் முடிந்த ஐந்து பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் ஷபானாவுக்கு இன்றோடு வேலை முடிகிறது. கல்யாணமாகி பெங்களூர் போகிறாள். என் கழுத்தில் தொங்கும் பழைய ஃபிலிம் கேமராவைப் பார்த்ததும் ஒரு போட்டோ கேட்கிறார்கள்.

பட்டனை அழுத்துகிறேன். சத்தமே இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது, ரோலில் பாதி பாக்கி.

பையில் புது பேட்டரி இருக்கிறது. ஆனால் என் பயம் வேறு. இந்தக் கேமராவுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு. நடுவில் பேட்டரி மாற்றினால், ரோல் முடிந்துவிட்டதென்று நினைத்துச் சில சமயம் மொத்தத்தையும் உள்ளே சுருட்டிக்கொள்ளும். என்னிடம் வேறு ரோல் கிடையாது.

"கொஞ்சம் ஃப்ரீயா நில்லுங்க," என்கிறேன். ஒருத்தியும் அசையவில்லை. ஷபானாவின் தோளில் போட்ட கை போட்டபடியே இருக்கிறது.

"கம்பெனில கரண்ட் போனா இப்டித்தான்க்கா," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் ரேவதி, உதடு மட்டும் அசைய. "ஜெனரேட்டர் வர்ற வரைக்கும் தைக்கிற பீஸ் மேல வெச்ச கைய எடுக்க மாட்டோம். எடுத்தா தையல் கோணிக்கும்."

பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. அப்போதும் அப்படியே நிற்கிறார்கள். பேட்டரியைப் போட்டு மூடுகிறேன். ரோல் சுருளவில்லை; கேமராவில் எண் பதினெட்டிலேயே நிற்கிறது. கிளிக்.

"காட்டுக்கா!" என்று ஷபானா ஓடி வருகிறாள். ஃபிலிமைக் கழுவினால்தான் தெரியும் என்கிறேன். அவள் முகம் வாடுகிறது.

ரேவதி அவளைப் பஸ்ஸுக்கு இழுக்கிறாள். "இன்னாத்துக்குப் பாக்கணும்? நல்லாதான் வந்திருக்கும். யாரும் நவுரலையே."