லைட் பிடித்தவரின் படம்

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் என் ஸ்டுடியோவுக்குப் பாதிப் பேர் கல்யாணத்துக்காக வருவார்கள், மீதிப் பேர் சாவுக்காக வருவார்கள். சாவுக்காக வருகிறவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான். செத்தவரின் முகம், மாலை போடும் அளவுக்குப் பெரிதாக, கருமாதிக்கு முன்னால். மலையில் வயதானவர்கள் தனியாக நின்று படம் எடுத்துக்கொள்வது குறைவு. அதனால் பழைய கல்யாண வீடியோக்களை ஓட்டி, பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் முகத்தை நிறுத்தி, வெட்டி, பின்னால் நீல வானம் வைத்துப் பிரேம் போட்டுக் கொடுப்பேன். சோற்றுக் கையை மட்டும் மறைத்துவிட வேண்டும். எனக்கு இதில் நல்ல பழக்கம்.

இந்த வேலைக்கெல்லாம் நான் வைத்திருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். செங்கத்தில் ஸ்டுடியோவை மூடிய ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்தே அதற்கு ஒரு வியாதி. டிஸ்க்கில் எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் மாற்றலாம் என்பதற்கு அனுமதிகள் உண்டு. அவை கலைந்திருக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்ய அதற்குள்ளேயே ஒரு வசதியும் உண்டு. அதை ஓட்டினால் எச்சரிக்கைகள் வரிசையாக வந்து விழும். இன்ன கோப்பின் அனுமதி இப்படி இருக்க வேண்டும், ஆனால் அப்படி இருக்கிறது. பழுது பார் என்றால், பார்த்தாயிற்று என்று சொல்லும். மறுபடி சோதித்தால் அதே எச்சரிக்கைகள், அச்சுப் பிசகாமல்.

விற்றவருக்குப் போன் போட்டேன். "அத்த கண்டுக்காதீங்க. அது அப்படித்தான் சொல்லிக்கினு இருக்கும், ஒண்ணும் ஆவாது" என்றார். என் குணத்துக்கு அது சரிப்படாது. ஒரு வீட்டுக் கல்யாணத்தின் ஒரே வீடியோ இந்த டிஸ்க்கில் இருக்கும்போது, கண்ணெதிரே எச்சரிக்கையை வைத்துக்கொண்டு நிம்மதியாக டீ குடிக்க முடியுமா? ஓட்டுவேன், திட்டுவேன், மறுபடியும் ஓட்டுவேன்.

பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்தவர் ஒருவர்தான். எனக்கு லைட் பிடித்தவர். பக்கத்து ஊரில் சாமை போடுகிறவர், என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முகூர்த்த நாட்களில் விளக்கைத் தூக்கிக்கொண்டு என் தோளுக்குப் பின்னாலேயே நிற்பார். விதைப்புக்கு முன் சாமியிடம் பூ வைத்து உத்தரவு கேட்கிற குடும்பம் அவருடையது. பூ விழுந்தால்தான் ஏர் இறங்கும். கம்ப்யூட்டரின் எச்சரிக்கையையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "இன்னும் உத்தரவு குடுக்கலியே தம்பி. இன்னைக்கி ஏத்தாதீங்க" என்பார். படம் பிடித்த கார்டு கம்ப்யூட்டரில் ஏறாமல் என் சட்டைப்பையிலேயே கிடக்கும். கல்யாண வீட்டார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவர் சொன்னால் ஏற்றமாட்டேன்.

போன தை மாதம் அவர் செத்துப்போனார். சாமைக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதிக்கு முந்தின நாள் காலையில் நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவர் மனைவி ஸ்டுடியோவுக்கு வந்தார். "வூட்ல ஒரு போட்டோ இல்ல தம்பி. ஆதார் கார்டுல கீறது யாரோ மாதிரி கீது, அது அவரே இல்ல. ஒங்க கூடவே சுத்துனவரு. ஒங்ககிட்ட இல்லாம வேற எங்க இருக்கப் போவுது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உட்காரச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வீடியோவாக ஓட்டினேன். மாப்பிள்ளைகள், பெண்கள், மாமன் சீர், பந்தி, மேளக்காரர்கள், எல்லோரும் பளிச்சென்று இருந்தார்கள். அவர் எதிலும் இல்லை. எப்படி இருப்பார்? எல்லா நேரமும் எனக்குப் பின்னால் அல்லவா நின்றார். ஒரு வீடியோவில் பித்தளை அண்டாவின் பளபளப்பில் அவர் விளக்கு மட்டும் தெரிந்தது, பிடித்திருந்தவர் தெரியவில்லை. என் போனிலும் அவர் படம் கிடையாது. தினமும் பார்க்கிற ஆளை யார் படம் எடுக்கிறார்கள்? மலையில் செத்தவர்களுக்கெல்லாம் முகம் தேடிக் கொடுத்தவன், இவருக்கு ஒரு முகம் கொடுக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

நடுவில் கம்ப்யூட்டர் திணறி நின்றது. கை பழக்கத்தில் அனுமதிச் சோதனையை ஓட்டிவிட்டது. எச்சரிக்கைகள் வந்து விழுந்தன.

"இன்னா சொல்லுது?" என்றார் அண்ணி.

"அனுமதி சரியில்லியாம் அண்ணி."

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "அப்ப உத்தரவு இல்ல. வுடுங்க தம்பி, படம் இல்லாமலே செஞ்சிடறோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல் இல்லை, அந்தக் கம்ப்யூட்டர் மேல். "ஒக்காருங்க அண்ணி. இது சாமி இல்ல. இன்னா எழுதிக்கீதுன்னு படிக்கிறேன், கேளுங்க" என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எழுத்துருவின் அனுமதி மாறியிருக்கிறது. பிரிண்டரின் அனுமதி மாறியிருக்கிறது. கேமரா ப்ரோகிராமின் அனுமதி மாறியிருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டேன்.

திரைக்கு மேலே அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு சின்னக் கேமரா உண்டு. அந்த வரி வரும்போதெல்லாம், பழுது பார்த்து முடித்த கையோடு, கேமரா ஓடுகிறதா என்று ஒரு க்ளிக் அடித்துப் பார்ப்பேன். ஓடும். மூடிவிடுவேன். எடுத்த படங்களை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அழித்ததும் இல்லை.

திறந்தேன். எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் நான், என் பக்கத்தில் அண்ணன். டீ டம்ளரோடு, தலைத் துண்டோடு, குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு, திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டு.

"ஏன் எல்லாத்துலயும் இப்டி முழிச்சினு கீறாரு?"

"உத்தரவு வந்துச்சான்னு பாக்கறாரு அண்ணி."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு படத்தைக் காட்டினார். அதில் நான் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், அண்ணன் பல் தெரியச் சிரிக்கிறார்.

வேலையைத் தொடங்கினேன். என் முகம் சுலபமாகப் போய்விட்டது. தோள்தான் போகவில்லை. எட்டிப் பார்ப்பதற்காக அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். தோளை எடுத்தால் அவருடைய மார்பில் பாதி காணாமல் போயிற்று. கட்டம் போட்ட என் சட்டையின் மேல், அவர் சட்டைக்குப் பொருத்தமாக வெள்ளை பூச ஆரம்பித்தேன்.

"அத்த அழிக்காதீங்க தம்பி."

"மாலை போடற படம் அண்ணி. உசிரோட கீறவன் அதுல இருக்கக் கூடாதுங்க."

"ஒங்க மொகம் இல்லியே, தோளுதான. அவரு எங்க நின்னாருன்னு தெரியட்டும்."

பூசிய வெள்ளையைத் திரும்ப எடுத்துவிட்டேன். மறுநாள் பிரேமை நானே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். சாமந்தி மாலையை என் தோளையும் சேர்த்துத்தான் போட்டார்கள். கூடியிருந்தவர்களில் யாரோ இது யார் சட்டை என்று கேட்டார்கள். அண்ணி என்னைக் கைகாட்டினார். அங்கேயே, எல்லோருக்கும் முன்னால் நின்று அழுதேன்.