துரிஞ்சி மரத்தடித் தழை

முட்டி இரண்டும் போன பிறகுதான் என் நாத்தனாருக்குக் காட்டு வழியில் நடக்க ஆசை வந்தது.

பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து என் அம்மா வீட்டு ஊருக்கு, இரண்டு கரட்டுக் குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்து வழி போகிறது. பெரிய ஏற்றம் கிடையாது. இரண்டு பக்கமும் ஆச்சா மரமும் துரிஞ்சி மரமும். அதற்கு மேலே புல் மூடிய கரடு. மினிபஸ் வந்த பிறகு ஆடு மேய்க்கிறவர்கள்தான் அந்தப் பக்கம் போகிறார்கள்.

"ஆபரேசனுக்கு முன்னாடி ஒரு தரம் அவளப் பாத்துட்டு வந்துரலாம் அண்ணி. மயக்க ஊசி போட்டா எந்திரிப்பனோ மாட்டனோ" என்றாள்.

அவள் என்றால் துரிஞ்சி மரத்தடியில் செத்தவள். எங்கள் பக்கத்தில் யாராவது வழியில் அகாலமாகச் செத்துப்போனால், அந்த இடத்தைத் தாண்டுகிறவர்கள் ஒரு கொத்துத் தழை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். போடாமல் போனால் செத்தவர் கூடவே வீடு வரைக்கும் வந்துவிடுவார் என்பார்கள். துரிஞ்சி மரத்தடியில் அப்படி ஒரு தழைமேடு இருக்கிறது.

அங்கே யாரும் சாகவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் விறகுக்குப் போகும்போது என் மாமியார் எங்கேயும் உட்கார விடமாட்டார். ஒருநாள் அம்மா வீட்டிலிருந்து தனியாக வரும்போது அந்த மரத்தடியில் ஐந்தாறு தழை ஒடித்துப் போட்டேன். மறுநாள் அந்த இடம் வந்ததும் நெஞ்சில் கை வைத்தேன். "ஐயோ, நிக்காம போறீங்களே! மாசமா இருந்தவ ஒருத்தி இங்கதான் வுழுந்து செத்துட்டாளாம். எங்கூருல சொன்னாங்க" என்றேன். என் தழைக்கு மேல் அடுத்த தழையை மாமியாரே போட்டார். அதற்குப் பிறகு தழை போடும் சாக்கில் அங்கே தினமும் சற்று நேரம் உட்கார முடிந்தது. விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பச்சைப் புடவை கட்டியிருந்தாள் என்று பிறகு நான்தான் சேர்த்தேன். ஆனால் வழியில் போகிறவர்களிடம் தண்ணீர் கேட்கிறாள் என்பதை நான் சொல்லவில்லை. அதை ஊரார்தான் என்னிடம் வந்து சொன்னார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு மழை நாளில், எட்டு மாசப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாத்தனார் அந்த வழியாக ஓடி வந்தாள். தழை போடவில்லை. பத்து நாளில் காய்ச்சல் கண்டு பிள்ளை போய்விட்டது. "தழ போடாம வந்தனே, நானே எம்புள்ளயக் கொன்னனே" என்று மண்ணில் புரண்டாள். அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. பிறகு சொல்ல ஒரு நாளும் வாய்க்கவில்லை. எனக்குப் பேரன் பேத்தி எல்லாம் வந்துவிட்டார்கள்.

இந்தத் தரம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் கிளம்பினேன். பையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"ஏம்மா, உம்முட்டி எண்ண போடாத கெணத்துக் கவல மாதிரி கத்துதே."

"ஒங்க வாயிக்கு மட்டும் யாரு அண்ணி எண்ண போடறா? நிக்காம ஓடுதே."

மரங்களுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோனது. மேலே கரட்டில் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. எங்களுக்குப் பின்னால் சளக், சளக் என்று ஒரு சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. கழுத்து வேர்த்துவிட்டது. பார்த்தால், என் பையில் கிடந்த பாட்டில். நானே சிரித்துக்கொண்டேன்.

தழைமேடு என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அடியில் மக்கி, நடுவில் சருகாகி, மேலே ஒரு கொத்து மட்டும் வாடாமல் இருந்தது. அன்று காலையில்தான் ஒடித்ததாக இருக்கவேண்டும். ஆடு மேய்க்கிறவன் போட்டிருப்பான் என்று நினைத்தேன். சுற்றிலும் ஓர் ஆட்டுப் புழுக்கை கூட இல்லை.

நாத்தனார் தழை போட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள், அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போனேன்.

"இந்தா பாரும்மா. இங்க யாரும் சாவல. நாந்தான் வெளாட்டுக்கு மொதத் தழையப் போட்டன். உம்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் அழுவாள், இல்லாவிட்டால் என்னை அடிப்பாள் என்று பார்த்திருந்தேன். இரண்டும் இல்லை. தழைமேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப எம்புள்ள யாருகிட்ட இருக்கறான்?"

எனக்குப் புரியவில்லை.

"வயித்துப் புள்ளயோட போனவ, அதான் எம்புள்ளயத் தூக்கிக்கிட்டா, பெத்தவ மாதிரி பாத்துப்பான்னுதான அண்ணி இத்தன வருசம் சோறு தின்னன்? அவளே இல்லன்னா, அவன் யாரு கையில இருக்கறான்?"

என் வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இன்னொன்றையும் சொன்னேன்.

"அட, நீ ஒருத்தி! சும்மா வெளாட்டுக்குச் சொன்னன். எங்கூருல போய்க் கேளு. பச்சப் பொடவ, வட்ட மூஞ்சி. அவகிட்டதான் இருக்கறான்."

"சாமி இருக்கற எடத்துல இப்படியா வெளாடுவீங்க?" என்று என் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அவள் கண் மூடியிருந்தபோது நானும் ஒரு கொத்து ஒடித்துப் போட்டேன். பாட்டிலைத் திறந்து, கடைசிச் சொட்டு வரை தழைமேல் ஊற்றினேன். தண்ணீர் கேட்கிறாள் என்று ஊரே சொல்லும்போது நான் மட்டும் எதற்கு வழக்காட வேண்டும்?

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. நாத்தனார் முன்னால் தாங்கித் தாங்கி நடந்தாள். பையில் காலி பாட்டில். எனக்குப் பின்னால் சளக், சளக்.

அவள் நின்று, திரும்பாமலே கேட்டாள்: "பாட்டில்ல இன்னுங் கொஞ்சம் தண்ணி இருக்குதா அண்ணி? சத்தங் கேக்குதே."

"இருக்குதும்மா. வூட்டுக்குப் போய்க் குடிச்சிக்கலாம், நட" என்றேன்.