கட்டாயக் கல்வியும் பாலைமர வளைவும்

விசுவமடுவில், காட்டோரக் குடியேற்றமொன்றில், அரசாங்கம் அறியாத பள்ளிக்கூடம் ஒன்று இயங்கிவந்தது. அதிபர், ஆசிரியர், காவலாளி எல்லாம் சிவலட்சுமி. மாணவர் தொகை ஒன்று: அவளுடைய மகள் அனோஜா, மூன்றாம் ஆண்டு. கட்டடம் குசினி.

காரணம் கல்விக் கொள்கை அல்ல. உண்மையான பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒரே பாதையில், பாலைமர வளைவில், தை மாதம் தொடக்கம் ஒரு யானை நிற்கிறது. பிள்ளைகள் போன ஓட்டோவை ஒருநாள் அது புரட்டிப்போட்டது. அயல்வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் நடக்க ஏலாது. அன்றிலிருந்து அனோஜா வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, சப்பாத்து சகிதம் அடுப்புக்குப் பக்கத்தில் படிக்கிறாள். சீருடையைக் கண்டால் சட்டம் கொஞ்சம் இரங்கும் என்பது அதிபரின் நம்பிக்கை. யானைக்குப் பயந்தது பாதி. மீதிப் பயம் முழுக்க மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு. யானைக்கு வழக்குப் போடத் தெரியாது.

ஒருநாள் காலை அந்தச் சத்தம் வாசல் படலையில் வந்து நின்றது. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடுகிற உத்தியோகத்தர் கதிர்காமநாதன்.

"அக்கா, அஞ்சு வயசிலயிருந்து பதினாறு வரைக்கும் பள்ளிக்கூடம் கட்டாயம். வீட்டில வைச்சிருந்தா நீதிமன்றம் ஏற வேண்டி வரும்."

"நான் படிப்பிக்கிறன் சேர். வாய்ப்பாடு கேட்டுப் பாருங்கோ."

"வீட்டில படிப்பிக்க ஆர் அனுமதி தந்தது?"

"யானை, சேர்."

அவர் சிரிக்கவில்லை. "சட்டத்தில யானையைப் பற்றி ஒண்டும் இல்லை. நானே ஏத்திக்கொண்டு போறன்."

தன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டார். அது மூக்குவரை இறங்கியது. சிவலட்சுமி படலைவரை பின்னால் வந்தாள். மறித்தால் நீதிமன்றம், விட்டால் வளைவு.

சத்தம் தூரப்போய், வளைவடியில் நின்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கொப்பு முறிந்தது. அதன்பின் ஹோர்ன், விடாமல்.

சிவலட்சுமி செருப்பில்லாமல் ஓடினாள். பாதி வழியில் கதிர்காமநாதன் எதிரே ஓடி வந்தார், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. அனோஜாவுக்கு ஒரு சப்பாத்தைக் காணவில்லை, ஹெல்மெட் இருந்தது. வளைவில் விட்டுவந்த மோட்டார் சைக்கிளின் ஹோர்ன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அடித்தது உத்தியோகத்தர் அல்ல.

மூவரும் குசினிப் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து கதவைச் சாத்தினார்கள். அவருக்குக் கொடுத்த தேத்தண்ணி பாதி காற்சட்டையில் ஊற்றுப்பட்டது.

"பிள்ளை இண்டைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டவ எண்டு அறிக்கை குடுக்கிறன். போய்ச் சேர்ந்தவவோ எண்டு மேலிடத்தில ஆரும் கேக்கிறேல்லை."

"நாளைக்கு, சேர்?"

"நாளைக்கு வேற ஆளை அனுப்புவினம். எனக்கு இந்தப் பக்கம் வேண்டாம்."

வெளியே ஹோர்ன் நின்றது. சிவலட்சுமி போய்ப் படலையைக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். யானையைத் தடுக்க அது காணாது. நாளைக்கு வருகிறவரைத் தடுக்கவும் காணுமென்று அவளுக்கு நம்பிக்கையில்லை.